கால் சுடாதவள்

சந்திரகாந்திக்குக் கால் சுடாது என்பது ஜேர்மனியின் ஹம் நகரத்துத் தமிழ்ச் சனம் முழுவதற்கும் தெரிந்த கதை. தேர்த் திருவிழாவுக்குப் பாரிசிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர்களுக்கும் தெரியும். "அந்தக் கற்பூரச்சட்டி அக்கா எங்கை?" என்று விசாரித்து, தேடி வந்து கும்பிட்டுவிட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். கும்பிட்டவர்களில் ஒருவர்கூட அந்தக் காலைத் திருப்பிப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத கோபம்.

நான் வேதக்காரி, மாதாவைக் கும்பிடுகிற கத்தோலிக்கச் சாதி. பெயர் கொறற்றி, ஊர் யாழ்ப்பாணத்துப் பாஷையூர். எனக்கு அம்மன் கோயிலில் என்ன அலுவல் என்று கேட்பீர்கள். சந்திரா அக்காவும் நானும் ஒரே முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கிற பகுதியில் வேலை செய்தோம். அவர் என்னைவிட ஏழெட்டு வயது மூப்பு. ஆவணியில் அவர் என்னோடு கேவலார் மாதா கோயிலுக்கு வருவார். ஆனியில் நான் அவரோடு தேருக்குப் போவேன். அவர் என்னுடைய மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துவார். நான் அவருடைய அம்மன் வாசலில் அவருடைய செருப்புக்குக் காவல் இருப்பேன். பெரிய உத்தியோகம்தான்.

2003ஆம் ஆண்டுத் தேர் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தக் கோடையில் ஜேர்மனியே வெந்துகொண்டிருந்தது. கோயில் ஊருக்கு வெளியே தொழிற்சாலைகளுக்கு நடுவில் இருக்கிறது. லொறிகள் ஓடுகிற அகலமான தார் றோட்டில்தான் தேர் இழுப்பார்கள். தொண்டர்கள் ரப்பர்க் குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டே போனார்கள்; அடித்த இடம் திரும்பிப் பார்ப்பதற்குள் காய்ந்துவிடும். எரிகிற கற்பூரச்சட்டியைக் கையில் ஏந்திய பெண்கள் ஒரு காலை வைத்து மறு காலைத் தூக்கி, ஓரத்துப் புல்லுக்கு ஓடினார்கள். பிரான்சிலிருந்து வந்த ஒரு பிள்ளை அழுதே விட்டது. சந்திரா அக்கா மட்டும் நடுத் தாரில், ஆறுதலாக, சொந்த வீட்டு விறாந்தையில் நடக்கிற மாதிரி நடந்துகொண்டிருந்தார்.

"உங்களுக்குச் சுடேல்லையோ அக்கா?" என்று கேட்டேன்.

"எனக்கேன் சுடுது? அவள் பார்த்துக்கொள்ளுறாள்" என்றார்.

திங்கட்கிழமை வேலையில் உடுப்பு மாற்றும்போது அவருடைய காலுறை அடியில் ஈரமாக ஒட்டியிருந்தது. உரித்துப் பார்த்தால் பாதம் முழுக்கக் கொப்புளம். அக்கா அதைப் பார்த்துச் சிரித்தார். கொப்புளம் வந்திருக்கிறது, ஆனால் நோகவில்லை. அப்படியென்றால் நோவை அம்மன் எடுத்துக்கொண்டாள் என்பது அவருடைய கணக்கு.

அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் அவரைப் பைத்தியக்காரி என்று நினைத்துவிடுவீர்கள். அவர் பைத்தியக்காரி இல்லை. கோப்பாயில் பிறந்து, தாயைச் சிறு வயதில் பறிகொடுத்து, தம்பி பாலமுருகனைத் தானே வளர்த்தவர். தம்பிக்கு நாலு வயது இருக்கும்போது மத்தியானத்தில் அவனைக் கூட்டிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போவாராம். செருப்பில்லாத காலம். மணல் கொதிக்கும். "சுடுகுதக்கா" என்று அவன் நின்ற இடத்தில் நின்று அழுவானாம். அக்கா அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தான் சுடச்சுட நடப்பார். அக்காவுக்கே அப்போது பத்துப் பன்னிரண்டு வயதுதான்.

கலியாணம் முடித்து ஜேர்மனிக்கு வந்தார். கணவர் ஆனந்தராசா அண்ணை கம்பித் தொழிற்சாலையில் வேலை. அதிகம் பேசாத, நல்ல மனிதர். மதுமதி என்று ஒரே மகள், இங்கே பிறந்தவள். தம்பியையும் இங்கே எடுப்பிக்க வேண்டும் என்று ஓடித் திரிந்துகொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. 1996இல் யாழ்ப்பாணத்தில் ஆமியின் ஒரு சுற்றிவளைப்பில் பாலமுருகனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சங்கக் கடையில் வேலை செய்கிற பெடியன், சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன். போனவன் போனவன்தான். இருக்கிறான் என்றும் எவரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் அக்கா நேர்த்தி வைத்தார். தம்பி திரும்பி வருகிற வரைக்கும் ஒவ்வொரு தேருக்கும் வெறுங்காலோடு கற்பூரச்சட்டி எடுப்பது. "சின்னனிலை அவனுக்குச் சுடாமல் நான் நடந்தனான். இப்பவும் அவன் எங்கை நிண்டாலும் அவனுக்குச் சுடக் கூடாது" என்று என்னிடம் சொன்னார். முதல் வருஷங்களில் நன்றாகவே சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணீர் வடிய வடிய நடந்தார். பிறகு ஒரு வருஷம் அவ்வளவாகச் சுடவில்லை. அதற்கடுத்த வருஷம் சுடவே இல்லை. அன்றைக்கு அவர் கோயில் வாசலில் இருந்து அழுத அழுகை சந்தோஷத்தின் அழுகை. அம்மன் கேட்டுவிட்டாள். காலைச் சுடாமல் காக்கிறவள் தம்பியைக் கைவிடுவாளா? தம்பி எங்கோ உயிரோடு இருக்கிறான்.

அவர்கள் வீட்டுச் சாமியறையில் செத்துப்போன தாய் தகப்பனின் படங்கள் மாலையும் சந்தனப் பொட்டுமாகச் சுவரில் தொங்கும். பாலமுருகனின் படம் அங்கே இல்லை. அது குசினியில், ஃபிரிட்ஜுக்கு மேலே, மாலையும் இல்லாமல் பொட்டும் இல்லாமல் இருந்தது. யாராவது விருந்தாளி அறியாமல் அதைப் பார்த்து "எப்ப தவறிப்போனவர்?" என்று கேட்டுவிட்டால், அவர்களுக்கு அந்த வீட்டில் தேத்தண்ணி கிடைக்காது.

கால் சுடாமல் போனதற்கும் அவருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்ததற்கும் காலம் பொருந்தும். நான் டொக்டர் இல்லை, எனக்கே அது பொருந்தியது. ஆனால் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

எங்கள் சனத்தில் சீனி இல்லாத வீடு இல்லை. யாரைக் கேட்டாலும் "எனக்குக் கொஞ்சம்தான்" என்பார்கள். அந்தக் கொஞ்சச் சீனியோடு சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஒரு மண்டபம். பிறந்தநாள், சாமத்தியவீடு, கலியாணம். றோல்ஸ், கேக், புரியாணி, அதற்குமேல் ஐஸ்கிறீம். எல்லாம் முடிந்த பிறகு கோப்பியைச் சீனி போடாமல் கேட்டு வாங்குவார்கள். அந்தக் கோப்பிதான் வைத்தியம். சந்திரா அக்காவும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை விரதம் பிடித்தால் டொக்டர் தந்த குளிசையையும் சேர்த்து விரதம் பிடிப்பார். கோயில் சர்க்கரைப் பொங்கலுக்கு அவரிடம் தனிச் சட்டம் இருந்தது. அம்மனுடைய பிரசாதத்தில் சீனி ஏறாதாம். டொக்டரைப் பார்க்கிற நாளை இங்கே எல்லோரும் ரேர்மின் என்போம். ரேர்மினுக்கு முதல் கிழமை மட்டும் சோற்றை நிறுத்திக் குரக்கன் பிட்டும் பாகற்காயும் சாப்பிடுவார். டொக்டர் இரத்தத்தில் பார்ப்பதோ மூன்று மாதச் சீனி. எண் ஏறியிருக்கும். அக்கா மெசின் பிழை என்பார்.

ஒருமுறை நானும் மொழிபெயர்க்கக் கூடப் போனேன். காலைச் சோதிக்க வேண்டும் என்று உதவியாளர் பெண் அவரைப் படுக்கச் சொல்லி, இரண்டு கிளையுள்ள இரும்புக் கவர் ஒன்றைத் தட்டிப் பெருவிரல் எலும்பில் வைத்தாள். அது அதிர்வது தெரிகிறதா என்று கேட்டாள். "யா" என்றார் அக்கா. ஜேர்மனிக்கு வந்து நாங்கள் முதலில் பழகிக்கொண்ட சொல் அது. பொலிஸ்காரன் கேட்டாலும் யா, முதலாளி கேட்டாலும் யா, விளங்கினாலும் யா, விளங்காவிட்டாலும் யா. அந்தப் பெண் கெட்டிக்காரி. கவரைத் தட்டாமலே மறு காலில் வைத்துக் கேட்டாள். அதற்கும் அக்கா, "யா, யா" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இவருக்குத் தார் றோட்டுச் சூடே தெரிவதில்லை" என்று ஜேர்மன் பாஷையில் போட்டு உடைத்துவிட்டேன். டொக்டர் எழும்பி வந்தார். கண்ணை மூடச் சொல்லி, நைலோன் நூல் போல ஒன்றால் பாதத்தில் அங்குமிங்கும் குத்திப் பார்த்தார். அக்காவுக்கு எதுவும் தெரியவில்லை. சீனி கூடினால் கால் நரம்பு மெல்ல மெல்லச் செத்துவிடும், பிறகு முள் குத்தினாலும் நெருப்புச் சுட்டாலும் தெரியாது, அதனால் வீட்டுக்குள்ளும் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது, தினமும் பாதத்தைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னார். நான் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். அக்கா முகட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் என்னைப் பிடித்தார்.

"நான் என்ரை கால் கதையை அவனிட்டைச் சொல்லச் சொன்னனானோ?"

"பின்னை ஏன் பொய் சொல்லுறீங்கள் அக்கா? நரம்பு செத்துப்போச்சு எண்டு அந்த மனுசன் சொல்லுறார்."

"அவருக்குச் சீனியைத் தெரியும். அம்மனைத் தெரியுமே? நீ வேதக்காரி. உனக்கும் விளங்காது."

அதோடு எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றது. பக்கத்தில் நின்று ஒரே கட்டில் விரிப்பை ஆளுக்கொரு நுனியில் பிடித்து மடித்துக்கொண்டே கதைக்காமல் இருந்தோம். பிறகு அவராகவே ஒருநாள் வடை கொண்டுவந்து தந்தார், சண்டை முடிந்தது. டொக்டர் எழுதிக் கொடுத்த விசேஷ சப்பாத்தும் வந்தது. தடித்த அடி, கறுப்பு நிறம். "பொலிஸ்காரன்ரை சப்பாத்து" என்று சிரித்துக்கொண்டே வேலைக்கு அதைப் போட்டார். குளிசையும் ஒழுங்காகப் போட்டார். ஆனால் வீட்டுக்குள் செருப்பு என்பது நடக்காத காரியம். சாமியறை இருக்கிற வீட்டுக்குள் செருப்போடு நடக்கிறதா? மாரிகாலத்தில் காலை ஹீற்றரில் ஒட்டி வைத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்ப்பார். மதுமதி ஓடிப்போய் இழுத்து எடுப்பாள். தேருக்கு மட்டும் எந்தச் சட்டமும் இல்லை.

மதுமதி வளர்ந்தாள். படிப்பு முடித்து டோர்ட்முண்டில் தாதித் தொழிலுக்கு அவுஸ்பில்டுங் என்கிற பயிற்சி தொடங்கி, கிழமை நாளில் அங்கேயே தங்கி, சனி ஞாயிறு வீட்டுக்கு வருவாள். அங்கே அவளை விட்ட முதல் வார்டிலேயே சீனிக்காரரின் கால்களுக்கு மருந்து கட்டுகிற வேலை. ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டு, "அன்ரி, எத்தினை வெள்ளைக்காரருக்குக் கால் எடுக்கிறாங்கள் தெரியுமோ? எல்லாருக்கும் முதலிலை ஒரு சின்னப் புண்தான். அம்மாவை நினைச்சால் எனக்குப் பயமாயிருக்கு" என்று அழுதாள்.

2006இல் தேருக்குக் கொஞ்சம் முன்னால் லண்டனிலிருந்து ஒரு தூரத்துச் சொந்தக்காரி அக்காவுக்கு ரெலிபோன் எடுத்தாள். தென்பகுதி முகாம் ஒன்றிலிருந்து வெளியே வந்த ஒருவர், அங்கே பாலமுருகன் என்று ஒரு கோப்பாய்ப் பெடியனைக் கண்டதாகச் சொன்னாராம். அவ்வளவுதான் செய்தி. ஆனந்தராசா அண்ணை நம்பாமல் தலையை ஆட்டினார். அக்கா அந்த ரெலிபோனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஒன்பது வருஷமாக நடந்ததற்கு அம்மன் பதில் தந்துவிட்டாள். இந்த முறை நடுவில் எங்கும் நிற்காமல், தேர் கோயிலுக்குத் திரும்புகிற வரைக்கும் நடப்பதென்று முடிவெடுத்தார்.

தேர் நாள் காலையில் நான் அவர்களைக் கூட்டிப் போக வந்தபோது மதுமதி வாசலில் நின்றாள். கையில் தடித்த காலுறையும் அந்தச் சப்பாத்தும்.

"அம்மா, இதைப் போட்டுக்கொண்டு நடவுங்கோ. அம்மன் குறை நினைக்கமாட்டா."

"வழியை விடு பிள்ளை."

"விடமாட்டன். அம்மா, உங்களுக்குச் சுடாதது அம்மனாலை இல்லை. நரம்பு செத்துப்போச்சு. நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறன். உங்களை மாதிரி எத்தினை பேர் அங்கை படுத்திருக்கினம். அவைக்கும் சுடாது. அவையை ஒரு சாமியும் காக்கேல்லை அம்மா."

அக்கா மகளை அடிக்கப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அடிக்கவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"அப்ப உன்ரை மாமா?"

சுடாத கால் வெறும் சீனி வருத்தம் என்றால், அந்தக் காலை நம்பி இவ்வளவு காலமும் உயிரோடு வைத்திருந்த தம்பி என்ன ஆவது? காலில் நோயா என்பதும் தம்பி செத்தானா என்பதும் அந்த வீட்டில் ஒரே கேள்வியாக இருந்தது. அவர் எந்தப் பக்கம் நிற்பார்? மதுமதி வழியை விட்டாள். சப்பாத்தை நான் வாங்கிக்கொண்டேன். எப்படியும் செருப்புக் காவல் என்னுடைய வேலைதானே.

அன்றும் தார் இளகிய வெயில். அக்கா சிவப்புச் சேலை உடுத்து, சட்டியில் கற்பூரம் எரிய நடந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. முன்னால் போனவளின் சட்டியிலிருந்து எரிகிற கற்பூரக் கட்டி ஒன்று றோட்டில் விழுந்தது. அக்கா அதன்மேல் காலை வைத்தார். வைத்த காலை எடுத்தபோது கட்டி பாதத்தோடு ஒட்டிக்கொண்டு எரிந்தது. பின்னால் வந்தவள் "அக்கா, கால்!" என்று கத்தினாள். அக்கா திரும்பவில்லை. அடுத்த அடியில் நெருப்பு தாரோடு தேய்ந்து அணைந்தது. கருகிய மணம் எனக்கு வந்தது. நான் சப்பாத்தையும் தூக்கிக்கொண்டு "அக்கா, அக்கா" என்று கூட்டத்துக்குள் ஓடினேன்.

நான் போய்ச் சேருவதற்குள் சனம் அவர் காலில் விழத் தொடங்கிவிட்டது. நெருப்பை மிதித்தும் சுடவில்லை என்று செய்தி பறந்தது. படித்த பெண்கள், வேலைக்குப் போகிற பெண்கள், அந்தப் பாதத்தைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்கள். "அதைத் தொடாதேங்கோ, அது புண்!" என்று நான் கத்தியது மேளத்தில் அடிபட்டுப் போனது. ஒருத்தி என்னைத் தள்ளிவிட்டாள். அக்கா எல்லோருடைய தலையையும் தொட்டு ஆசீர்வதித்துக்கொண்டு நடந்தார். தேர் திரும்பும் வரை நடந்தார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கும். புண்ணில் கோயில் திருநீற்றை அப்பிக் கட்டினார். டொக்டரிடம் போவோம் என்று நான் கேட்டபோதெல்லாம், "மதுமதி எல்லே மருந்து கட்டுறாள், அவள் படிச்ச பிள்ளை" என்றார். மதுமதி கேட்டபோது, "கொறற்றி டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போறாள், காய்ஞ்சு வருதாம்" என்றார். எங்கள் இருவரையும் இப்படி ஆளுக்கொரு பக்கம் அனுப்பிவிட்டு, உடுப்புத் தோய்க்கிற எங்கள் அறையின் நீராவியிலும் ஈரத்திலும் நாள் முழுக்க அந்தக் காலில் நின்றார். நோகவில்லையே. நொந்திருந்தால் நின்றிருப்பாரா?

கிழடுகளின் விரிப்புகளைத் தோய்க்கிற எங்களுக்கு எந்த நாற்றமும் பழகிவிடும். ஆனால் ஒருநாள் மெசினுக்குப் பக்கத்தில் வேறொரு நாற்றம் அடித்தது. நான் கூடைகளை எல்லாம் கிளறிப் பார்த்தேன். பிறகுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். காய்ச்சலில் கண் சிவந்து, நின்ற இடத்தில் ஆடிக்கொண்டிருந்தார். இருத்தி, சப்பாத்தைக் கழற்றினேன். நான் பார்த்ததை இங்கே எழுதப்போவதில்லை. மேற்பார்வைக்காரி ஓடிப்போய் அம்புலன்ஸ் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் முதலில் விரல்களைப் பற்றிப் பேசினார்கள். பிறகு எலும்புக்குள் போய்விட்டது, இரத்த ஓட்டமும் இல்லை, உயிர் வேண்டுமென்றால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார்கள். கையெழுத்து அக்காதான் போட வேண்டும். பெரிய டொக்டர் கட்டிலருகே வந்து நின்றார். ஆனந்தராசா அண்ணை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். மதுமதி தாயின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் மொழிபெயர்த்தாள்.

அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இவ்வளவு நடந்தும் ஏன் எனக்கு நோகேல்லை? அதை அவரிட்டைக் கேள்."

மதுமதி கேட்டாள். டொக்டர் பொறுமையாகச் சொன்னார்: பல வருஷச் சீனியால் நரம்புகள் பழுதாகிவிட்டன, அம்மாவின் கால் உணர்வை இழந்து நெடுநாள் ஆகிவிட்டது. எனக்கு அது ஒரு சொல் தவறாமல் விளங்கியது. மதுமதி தாயின் பக்கம் குனிந்தாள்.

"தனக்கும் விளங்கேல்லையாம் அம்மா. ஆரோ பார்த்துக்கொண்டிருக்கினம் போலை எண்டு சொல்லுறார்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரத்தால் நீர் வழிந்து காதுக்குள் போனது. முகம் ஆறிப்போயிருந்தது. "பேனையைத் தரச் சொல்லு" என்றார். மதுமதி வெளியே வந்து நடைபாதையில் என் தோளில் விழுந்து குலுங்கினாள். அவள் அன்றைக்குச் சொன்ன பொய்யை மாதா மன்னிப்பாள். மன்னிக்காவிட்டால் நான் மாதாவோடு கதைத்துக்கொள்கிறேன்.

காலை எடுத்தார்கள். இரண்டு நாள் மயக்கமும் விழிப்புமாகக் கிடந்தார். அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் நான் கஞ்சி கொண்டுபோனபோது அவர் எழும்பி இருந்து கட்டில் விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது பக்கத்தில் முழங்காலுக்குக் கீழே விரிப்புத் தட்டையாகக் கிடந்தது.

"கொறற்றி, சுடுகுது."

"எங்கை அக்கா? தையல் போட்ட இடத்திலையோ?"

"இல்லை. காலிலை. உள்ளங்காலிலை." தட்டையாகக் கிடந்த இடத்தைக் காட்டினார். "தார் றோட்டுச் சூடு. அப்பிடியே சுடுகுது. எரியுது. காலை எடுத்துவிடு, கொறற்றி, சுடுகுது."

எடுத்துவிடுவதற்கு அங்கே என்ன இருக்கிறது? அவர் பல்லைக் கடித்துக்கொண்டு துடித்தார். அப்படி அவர் துடித்து நான் பார்த்ததே இல்லை. "ஊதிவிடு" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி. நான் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து, அந்த வெறும் விரிப்பில் ஊதினேன். ஊதிக்கொண்டே அழுதேன். உள்ளே வந்த மதுமதி அப்படியே நின்றுவிட்டாள். வெட்டிய கால் இப்படி எரிவதுண்டு என்று அவளுக்குத் தெரியும். அவள் அதைப் படித்திருக்கிறாள். தாதியைக் கூப்பிட்டு ஊசி போடச் செய்தாள்.

ஊசியில் சூடு கொஞ்சம் அடங்கியதும் அக்கா எங்கள் இருவரையும் பார்த்தார்.

"அவள் கையை எடுத்திட்டாள், என்ன?"

"ஆரம்மா?"

"இவ்வளவு காலமும் சுடேல்லை. இப்ப சுடுகுது. அவள் கையை எடுத்திட்டாள்." மிகவும் அமைதியாகச் சொன்னார். "அப்ப தம்பி இல்லை."

மதுமதி தாயைக் கட்டிப்பிடித்தாள். அந்த எரிவுக்கு டொக்டர்மார் வைத்திருக்கிற பெயரை அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு பொய்யும் சொல்லவில்லை. அவளிடம் பொய் முடிந்துபோயிருந்தது. லண்டனுக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்டபோது, முகாமில் கண்டதாகச் சொன்ன ஆள் வேறு யாரோ பாலமுருகனைத்தான் சொன்னாராம். அதை நாங்கள் அக்காவுக்குச் சொல்ல வேண்டி வரவில்லை. அவருக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டிருந்தது.

இப்போது குளிசையை நேரம் தவறாமல் போடுகிறார். மற்றக் காலைத் தினமும் கண்ணாடியில் பார்க்கிறார். சோற்றை அளந்து சாப்பிடுகிறார், சர்க்கரைப் பொங்கலைத் தொடுவதில்லை. டொக்டருக்கு வெகு சந்தோஷம், எண் இறங்கிவிட்டது என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். எனக்கு ஏனோ அந்த மனிதரை அடிக்க வேண்டும் போலிருந்தது. இந்த ஒழுங்கில் பாதி முன்னமே இருந்திருந்தால் இரண்டு காலும் இருந்திருக்கும். அதை அக்காவிடம் நான் சொல்லவில்லை. சொல்வதற்கு எனக்கு நாக்கு இருக்கிறது, மனம் இல்லை.

வீட்டுக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை நான் போயிருந்தேன். அக்கா சக்கர நாற்காலியில் குசினிக்கு வந்தார். "இஞ்சாருங்கோ, அந்தப் படத்தை எடுங்கோ" என்றார். ஆனந்தராசா அண்ணை ஃபிரிட்ஜுக்கு மேலே இருந்த படத்தை எடுத்து, சாரத்தின் நுனியால் தூசு துடைத்து, மனைவியின் மடியில் வைத்தார். தமிழ்க் கடையில் வாங்கி வந்த மாலையும் அவர் கையில் இருந்தது. எப்போது வாங்கினார் என்று தெரியாது. மதுமதி சந்தனம் குழைத்துக் கொண்டுவந்தாள்.

படத்தில் பாலமுருகன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றான். அக்கா அவன் முகத்தை இரண்டு கையாலும் தடவினார். மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டு அவன் நெற்றியில் பொட்டு வைத்தார். மாலையைப் போட்டார். அழுவார் என்று நாங்கள் மூன்று பேரும் காத்துக்கொண்டு நின்றோம். அவர் அழவில்லை. இல்லாத காலின் பக்கம் கையைக் கொண்டுபோய், அந்த வெறும் இடத்தைத் தேய்த்துக்கொண்டே, படத்தைப் பார்த்துச் சொன்னார்:

"சுடுகுதடா தம்பி."